குமிழும் கல்லும் உறைபனியும்: வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில், மூன்று குளிர்காலத்துக்குள் தோல் உரிந்துபோன ஒரு கான்கிரீட் படிக்கட்டைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். "அதைக் குளிர் உடைக்கவில்லை, தண்ணீர் உடைத்தது" என்று முடித்திருந்தேன். அந்த ஒரு வரிக்கு இவ்வளவு கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. திட்டியும் இரண்டு வந்தன. குளிர் நாட்டுச் சோதனைக்கூடம் ஒன்றில் இருபத்தாறு வருஷம் கான்கிரீட் கட்டைகளை உறையவைத்து உருகவைத்தே சம்பளம் வாங்கியவன் நான். அதனால் இந்த முறை முழுப் பக்கத்தையும் இதற்கே கொடுத்துவிடுகிறேன்.

கேள்வி: தண்ணீர் உறைந்தால் 9 சதவீதம் பெருக்கும், அதனால்தான் கான்கிரீட் வெடிக்கிறது என்று வகுப்பில் சொன்னார்கள். எல்லாக் கான்கிரீட்டிலும் துளை உண்டு, எல்லாத் துளையிலும் ஈரம் உண்டு. அப்படியானால் குளிர் நாடுகளில் ஒரு கட்டடம்கூட நிற்கக் கூடாதே, ஐயா?
(பொறியியல் மாணவி)

நல்ல கேள்வியம்மா. வகுப்பில் சொன்னது தப்பில்லை, பாதிதான் சொல்லியிருக்கிறார்கள்.

அந்த 9 சதவீதத்தையே எடுத்துக்கொள்வோம். ஒரு துளையில் 100 பங்கு இடம் இருந்து, 91 பங்குதான் தண்ணீர் என்றால், அது உறைந்து பெருத்தாலும் மிச்ச இடத்துக்குள் அடங்கிவிடும். 91.7 சதவீதம் என்ற அளவைத் தாண்டினால்தான் தகராறு. வீட்டுக்குள் நிற்கும் தூணோ கூரைக்குக் கீழே ஓடும் உத்தரமோ அந்த அளவுக்குப் பக்கத்தில்கூட போவதில்லை. அதனால் நிற்கின்றன. பாலத்தின் மேல்தளம், தண்ணீர் தேங்கும் நடைபாதை, சாலை மூட்டு, நீர்மட்டம் ஏறி இறங்கும் அணைச்சுவரின் அந்தப் பட்டை, வெளிப் படிக்கட்டு, இவைதான் உதை வாங்குகின்றன. எங்கெல்லாம் தண்ணீர் நிற்கிறதோ அங்கெல்லாம்.

சரி, இது ஒற்றைத் துளைக்கான கணக்கு. நிஜக் கான்கிரீட்டில் துளைகள் ஒரே அளவில் இல்லை. சிமெண்ட்டும் தண்ணீரும் சேர்ந்து இறுகிய பசைக்குள் இருக்கும் மிக நுண்ணிய துளைகளில் (ஜெல் துளைகள் என்போம்) உள்ள தண்ணீர், சுவர்களோடு அவ்வளவு ஒட்டிக் கிடப்பதால், மைனஸ் 78 டிகிரி வரை உறைவதில்லை. கொஞ்சம் பெரிய நுண்குழல்களில்தான் முதலில் பனிக்கட்டி பிடிக்கும். அமெரிக்காவின் போர்ட்லண்ட் சிமெண்ட் அசோசியேஷனில் இருந்த டி.சி. பவர்ஸ் 1945இல் இப்படிச் சொன்னார்: பனிக்கட்டி வளர வளர, இன்னும் உறையாத தண்ணீர் பிதுங்கி ஓட வேண்டியிருக்கிறது, வழியோ குறுகல், ஒதுங்க இடமோ தூரத்தில், அந்த நெருக்கடியில் எழும் நீரழுத்தம்தான் பசையைக் கிழிக்கிறது. திருவிழாக் கூட்டத்தில் மிதிபட்டவனைக் கேளுங்கள், முன்னால் நின்றவன் இடித்தான் என்று சொல்ல மாட்டான், பின்னாலிருந்து தள்ளினார்கள் என்பான். அதே கதை.

எனக்குப் பவர்ஸைப் பிடிக்கும், காரணம் அடுத்து அவர் செய்தது. குளிரை ஒரே டிகிரியில் நிறுத்திவைத்தாலும் பசை தொடர்ந்து வீங்குவது தெரிந்தது. நீரழுத்தம் மட்டுமே காரணமாக இருந்தால் வீக்கம் நின்றிருக்க வேண்டும். 1953இல் ஹெல்முத் என்ற ஆய்வாளருடன் சேர்ந்து தன் கொள்கையையே திருத்திக்கொண்டார்: உறையாத ஜெல் நீர், பனிக்கட்டி இருக்கும் இடத்தை நோக்கி ஓடிப்போய் அதை வளர்க்கிறது. முன்பு தண்ணீர் பனிக்கட்டியை விட்டு ஓடியது, இப்போது அதைத் தேடி ஓடுகிறது. எட்டு வருஷத்தில் தன் முடிவைத் தானே புரட்டிப்போட எத்தனை பேருக்கு மனசு வரும்?

பெருப்பது மட்டுமே காரணம் இல்லை என்பதற்கு இன்னும் பழைய சாட்சி ஒன்று உண்டு. உறைபனியில் நிலம் ஏன் மேலே தூக்குகிறது என்று ஆராய்ந்த ஸ்டீபன் டேபர், மண்ணுக்குத் தண்ணீருக்குப் பதிலாக பென்சீனைக் கொடுத்துப் பார்த்தார். அவர் கட்டுரை வந்தது 1930இல். பென்சீன் உறைந்தால் சுருங்கும். ஆனாலும் மண் தூக்கியது. கீழேயிருந்து திரவத்தை உறிஞ்சி உறிஞ்சிப் படிகம் வளர்ந்ததுதான் காரணம்.

இன்னொன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். எத்தனை டிகிரி குளிர் என்பதைவிட எத்தனை தடவை என்பதுதான் கணக்கு. மூன்று மாதம் ஒரே மூச்சாக மைனஸ் 30இல் கிடக்கும் தளம் தப்பிவிடலாம். பகலில் உருகி இரவில் உறையும் இடத்தில் இருக்கும் தளம் செத்துவிடும். உருகும் ஒவ்வொரு தடவையும் அது மேலே நிற்கும் தண்ணீரைக் குடிக்கிறது. உறைந்தபோது விழுந்த மயிரிழை விரிசல் அடுத்த தடவை இன்னும் கொஞ்சம் குடிக்க இடம் கொடுக்கிறது.

கேள்வி: கான்கிரீட்டில் காற்று இருக்கக் கூடாது என்று வைப்ரேட்டர் போட்டே பழகியவன் நான். இப்போது வெளிநாட்டு வேலையில் "6 சதவீதம் காற்று கட்டாயம்" என்கிறார்கள். காற்றை வெளியேற்ற ஒரு ஆள், உள்ளே விட ஒரு மருந்தா?
(தள மேற்பார்வையாளர்)

ஆமாம், இரண்டும் வேண்டும். முரண்பாடு இல்லை. நீங்கள் வைப்ரேட்டர் போட்டு விரட்டுவது, கலவையில் மாட்டிக்கொண்ட காற்று. அது பெரிசு, கோணல்மாணல், ஒரு மில்லிமீட்டருக்கு மேல். அதனால் லாபம் எதுவும் இல்லை. அவர்கள் கேட்பது வேறு. கலக்கும்போதே ஒரு கெமிக்கலைச் சேர்த்து, கண்ணுக்குத் தெரியாத உருண்டைக் குமிழ்களைக் கோடிக்கணக்கில் பசைக்குள் உண்டாக்குவது. அந்தக் குமிழ்தான் பிதுங்கி ஓடும் தண்ணீர் ஒதுங்குகிற திண்ணை.

இது யாரும் யோசித்துக் கண்டுபிடித்ததில்லை. 1930களின் நடுவில் நியூயார்க் மாநிலத்துச் சாலைகளில் சில பகுதிகள் மட்டும் குளிர்காலத்தை அசால்ட்டாகத் தாங்கி நின்றன. தோண்டித் துருவிப் பார்த்தால், அங்கே போட்ட சிமெண்ட்டை அரைக்கும்போது அரைவைக்கு உதவியாக மாட்டுக்கொழுப்பு மாதிரியான பொருளைச் சேர்த்திருந்தார்கள். அது கலவையில் சோப்பு மாதிரி வேலை செய்து குமிழ் கட்டியிருக்கிறது. ஆலைக்காரர் நினைத்தது ஒன்று, நடந்தது ஒன்று. உருப்படியாக நடந்தது.

உங்களுக்கு 6 என்ற எண்தான் சொல்லியிருப்பார்கள். எனக்கு அதைவிட முக்கியமான எண் 0.2 மில்லிமீட்டர். பசைக்குள் எந்த இடத்தில் தண்ணீர் இருந்தாலும், அது பக்கத்துக் குமிழுக்குப் போக ஏறக்குறைய இவ்வளவு தூரத்துக்கு மேல் ஓடக் கூடாது. அதே 6 சதவீதக் காற்று பெரிய பெரிய குமிழாக இருந்தால், குமிழுக்குக் குமிழ் தூரம் அதிகமாகி, பேருக்குத்தான் காற்று. எங்கள் கூடத்தில் இதைப் பார்க்க ஒரு வழி உண்டு. இறுகிய கான்கிரீட்டை அறுத்து, கண்ணாடி மாதிரி பளபளப்பாகத் தேய்த்து, தேய்த்த பரப்பு முழுக்கக் கறுப்பு மை பூசுவோம். காய்ந்ததும் வெள்ளைப் பொடியைத் தூவி ரப்பரால் அழுத்தித் துடைத்தால், குமிழ்க் குழிகளில் மட்டும் வெள்ளை தங்கும். நுண்ணோக்கியில் வைத்தால் அமாவாசை வானம் மாதிரி இருக்கும். நல்ல கான்கிரீட் என்றால் நட்சத்திரம் நெருக்கமாக, பொடிப்பொடியாக. கெட்டதில் அங்கொன்று இங்கொன்று, நிலா அளவுக்கு.

குமிழ் இருப்பது பசையில், கல்லில் இல்லை. அதனால் ஜல்லி சிறிசாகி பசை கூடும்போது காற்றும் கூட வேண்டும். ஈரமும் உறைபனியும் கடுமையாக உள்ள இடத்துக்கு 20 மி.மீ. ஜல்லி என்றால் 6 சதவீதம், 10 மி.மீ. என்றால் ஏழரை என்று அமெரிக்கன் கான்கிரீட் இன்ஸ்டிடியூட் அட்டவணை சொல்லும். இதற்கு விலையும் உண்டு. ஒவ்வொரு சதவீதக் காற்றுக்கும் ஏறக்குறைய 5 சதவீதம் பலம் போகும். அதை ஈடுகட்ட நீர்-சிமெண்ட் விகிதத்தை 0.45க்குக் கீழே இறக்குங்கள். குமிழ் சேர்ந்த கலவை பந்து உருட்டின மாதிரி வழுக்கிக்கொண்டு போகும், தண்ணீரைக் குறைக்க அதுவே கை கொடுக்கும். பிறகு, ஃபிளை ஆஷ் (அனல்மின் நிலையச் சாம்பல்) சேர்க்கிறீர்களா? எரியாமல் மிஞ்சிய கரி அதில் இருந்தால் மருந்தைக் குடித்துவிடும். லோடுக்கு லோடு காற்று மாறும்.

அளப்பதை நீங்களே ஒருமுறை செய்து பாருங்கள். காற்றை அளக்கும் கருவியின் கிண்ணத்தில் கலவையை மூன்று அடுக்காக நிரப்பி, அடுக்குக்கு 25 குத்து, ஒவ்வொன்றுக்கும் ரப்பர் சுத்தியலால் பக்கத்தில் தட்டு. விளிம்பைத் துடைத்து (ஒரு மணல் துகள் இருந்தாலும் மூடி கசியும்), மூடியைப் பூட்டி, ஒரு குழாய் வழியாக நீர் ஏற்றினால் மறு குழாயில் குமிழ் குமிழாக வரும். குமிழ் நின்று சுத்தமான நீர் வரும்வரை விடக்கூடாது. அப்புறம் பம்பு அடித்து முள்ளை ஆரம்பக் கோட்டில் நிறுத்தி, நெம்பியை அமுக்கினால் 'புஸ்' என்று ஒரு சத்தம். முள் எங்கே நிற்கிறதோ அதுதான் காற்று. லாரி வாயில் மட்டும் அளக்காதீர்கள். பம்பு குழாயின் மறுமுனையிலும் அளங்கள். ஏன் என்று கீழே சொல்கிறேன், அதில் எனக்கே அசிங்கமான கதை ஒன்று இருக்கிறது.

கேள்வி: மருந்துக்குப் பதிலாகத் துணி துவைக்கும் சோப்புத்தூள் போடலாமா? அதுவும் நுரைக்கிறதே.
(பெயர் வேண்டாம் என்று எழுதியவர்)

பெயர் வேண்டாம் என்றது சரிதான். நுரை வரும், நிற்காது. கலக்கும்போது ஒரு அளவு, கொட்டும்போது வேறு அளவு. பலம் எவ்வளவு விழும் என்று யாராலும் சொல்ல முடியாது. போடாதீர்கள்.

கேள்வி: வெளிநாட்டில் நாங்கள் போட்ட கார் நிறுத்தும் தளம் ஒரே குளிர்காலத்தில் செதில் செதிலாக உரிந்துவிட்டது. "நீங்கள் உப்புத் தூவியதால்தான்" என்கிறார் ஒப்பந்தக்காரர். "நீங்கள் ஒழுங்காகப் போடாததால்தான்" என்கிறோம் நாங்கள். யார் சொல்வது சரி?
(வீட்டுக்காரர்)

இரண்டு பேரும். ஆனால் பங்கு சமமில்லை.

பனிக்கட்டி உருக உப்புத் தூவினால் கான்கிரீட்டின் மேல்தோல் மில்லிமீட்டர் கணக்கில் உரியும். உள்ளே கட்டை திடமாகவே இருக்கும். அது ரசாயன அரிப்பு என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் இல்லை. வெர்பெக், கிளீகர் என்ற ஆய்வாளர்கள் 1957இல் சோதித்தபோது ஒரு விநோதம் தெரிந்தது: அதிக உப்புக் கரைசலைவிட, 2 முதல் 4 சதவீதம் என்ற மிதமான கரைசல்தான் மோசமாக உரித்தது. கறி உப்போ, வேறு உப்போ, யூரியாவோ, எதைக் கரைத்தாலும் ஏறக்குறைய அதே அளவில்தான் உச்சம். எந்தப் பொருள் என்பது முக்கியமில்லை என்றால், வேலை ரசாயனத்துடையது அல்ல.

ரொம்ப நாள் இதற்கு ஒழுங்கான விளக்கம் இல்லை. 2000களின் நடுவில் வலென்சா, ஷெரர் என்ற ஆய்வாளர்கள் சொன்னதுதான் எனக்கு மனசுக்கு ஒத்துப்போனது. தளத்தின்மேல் உறைந்த பனிக்கட்டிப் படலம், குளிர் கூடும்போது கான்கிரீட்டைவிட ஏறக்குறைய ஐந்து மடங்கு சுருங்குகிறது. கான்கிரீட் விடுவதில்லை, படலம் இழுபட்டு விரிசல் விடுகிறது. விரிசலின் முனை கீழே கான்கிரீட்டுக்குள்ளும் இறங்கி, ஒரு செதிலைப் பெயர்த்துக்கொண்டு போகிறது. காய்ந்த பசையைக் கண்ணாடியிலிருந்து உரித்தால் கண்ணாடித் தோலும் சேர்ந்து வருமே, அது மாதிரி. வெறும் தண்ணீரின் பனிக்கட்டி கெட்டியானது, விரிசல் விடாது. அதிக உப்பென்றால் படலம் கொழகொழவென்று இருக்கும், இழுவையே வராது. 3 சதவீதம்தான் இரண்டுங்கெட்டான். தெரிந்துகொள்ளுங்கள், பனி உருகி நீர் கூடும்போது நீங்கள் தூவிய உப்பு எப்படியும் ஒரு கட்டத்தில் அந்த 3 சதவீதத்தைத் தொட்டுத்தான் போகும்.

ஆக உப்பு உரிக்கும். ஆனால் திடமான தோலை உரிக்க அதற்குப் பல வருஷம் பிடிக்கும். ஒரே குளிர்காலத்தில் உரிந்தது என்றால் தோல் பிறக்கும்போதே சீக்கு. இதற்குத்தான் என் கதை.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷம். ஒரு கிடங்கின் சரிவுத்தளம். லாரி வாயில் காற்று அளந்தேன், 6.2. பேனாவை மூடிவிட்டேன். கலவை பம்பில் ஏறி, உயரமான குழாய் வழியாகச் செங்குத்தாக விழுந்தது. அந்த விழுகையில் காற்று பாதி போய்விடும் என்று எனக்குத் தெரியாது, சொல்லித் தரவும் ஆள் இல்லை. அன்று காற்று வேறு வீசியது, மேற்பரப்பு சீக்கிரம் காய்ந்தது. கரணை ஓடவில்லை என்று ஒரு தொழிலாளி வாளியில் தூரிகையை முக்கி, கோயிலில் தீர்த்தம் தெளிப்பது மாதிரித் தெளித்துத் தெளித்துத் தேய்த்தார். பார்த்துக்கொண்டுதான் நின்றேன். வசந்தத்தில் தளம் முழுக்க வெள்ளைச் செதில், கீழே ஜல்லி பல்லிளித்தது. துளைத்து எடுத்த கட்டையின் மேல் 3 மில்லிமீட்டரில் குமிழே கிடையாது, அதிகத் தண்ணீர் சேர்ந்த வெளிறிய பசை. கோப்பில் 6.2 என்ற எண்ணுக்குப் பக்கத்தில் என் கையெழுத்து.

அதனால் உங்கள் ஒப்பந்தக்காரரிடம் மூன்றே கேள்வி கேளுங்கள். பூசும்போது தண்ணீர் தெளித்தார்களா? கலவையிலிருந்து கசிந்து மேலே வந்த நீர் வற்றும் முன்பே கரணை போட்டார்களா? உறைபனி வருவதற்கு எத்தனை நாள் முன்பு போட்டார்கள்? கடைசிக் கேள்வி முக்கியம். ஈரம் காத்து முற்றவைத்த பிறகு, முதல் உப்பைப் பார்ப்பதற்குள் தளம் ஒரு மாதமாவது காய்ந்திருக்க வேண்டும். பனிக்காலத்துக்கு முந்தின வாரம் போட்ட தளத்துக்கு அந்த வருஷம் மணல் மட்டும் தூவியிருக்க வேண்டும். உங்கள் பங்குக்கு: அமோனியம் நைட்ரேட், அமோனியம் சல்பேட் உரங்களைப் பனி உருக்கத் தூவுகிறவர்கள் உண்டு. அவை மட்டும் நிஜமாகவே ரசாயனமாகக் கான்கிரீட்டைத் தின்னும். கிட்டவே வராதீர்கள்.

கேள்வி: நடைபாதையில் நாணய அளவில் குழி குழியாகப் பெயர்கிறது. இதுவும் உப்பா?

குழிக்குள் குனிந்து பாருங்கள். அடியில் பாதி உடைந்த கல் ஒன்று உட்கார்ந்திருந்தால், உப்பு நிரபராதி. மேற்பரப்புக்குப் பக்கத்தில் இருந்த நீர் குடிக்கும் கல், பெரும்பாலும் இலேசான செர்ட் அல்லது களிப்பாறை, உறைந்து வெடித்துத் தன் தலைமேல் இருந்த சாந்தைக் கூம்பாகத் தூக்கி எறிந்திருக்கிறது. பார்க்க அசிங்கம், தளத்துக்கு ஆபத்தில்லை.

கேள்வி: எங்கள் குவாரிச் சுண்ணாம்புக்கல் ஜல்லி நொறுங்கு சோதனையில் பிரமாதமாகத் தேறியது. கான்கிரீட் கலவையில் சரியான காற்றும் இருந்தது. ஆனாலும் குளிர் பிரதேசச் சாலைக்கு வேண்டாம் என்று தள்ளிவிட்டார்கள். இது நியாயமா?
(குவாரி நிர்வாகி)

கோபித்துக்கொள்ளாதீர்கள், நியாயமாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. கல் பலமா என்பது ஒரு கேள்வி, கல் தண்ணீரை எப்படி வாங்கி எப்படி விடுகிறது என்பது வேறு கேள்வி. காற்றுக் குமிழ் பசையைத்தான் காப்பாற்றும். கல்லுக்குள்ளே நடக்கும் சண்டைக்கு அது வெளியாள்.

கருங்கல் மாதிரி துளையே இல்லாத கல் தண்ணீர் குடிக்காது, பிரச்சினை இல்லை. பெரிய பெரிய துளை உள்ள கல் குடிக்கும், ஆனால் சட்டென்று வடித்துவிடும். நடுவில் இருப்பதுதான் வில்லன்: வயிறு பெருத்து வாய் குறுகிய பானை மாதிரி, நிறையக் குடித்து மெதுவாக விடுகிற கல். அதன் துளைகள் மைக்ரானில் பத்தில் ஒரு பங்கு அளவில் இருக்கும். வெர்பெக்கும் லாண்ட்கிரெனும் 1960இல் கற்களை இப்படி வகை பிரித்து ஒரு கருத்தைச் சொன்னார்கள். இந்த நடுவகைக் கல்லுக்கு ஒரு ஆபத்து அளவு உண்டு. அதைவிடச் சிறிசாக உடைத்தால், உறையும்போது நடுவிலிருக்கும் நீர் வெளியே வர நேரம் கிடைக்கும். பெரிசாக இருந்தால் கிடைக்காது. கல் பிளக்கும், அல்லது நீரைப் பக்கத்துப் பசைக்குள் பீய்ச்சி அதைப் பிளக்கும். ஒரே குவாரி, ஒரே கல், 40 மி.மீ.யில் செத்து 20 மி.மீ.யில் பிழைக்கும்.

சாலையில் இதன் முகம் டி-விரிசல். அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில் 1930களிலேயே இதைக் கவனித்துவிட்டார்கள். மூட்டுக்கு ஒட்டினாற்போல, மூட்டுக்கு இணையாக, மெல்லிய விரிசல்கள் நெருக்கமாக ஓடி மூலையில் வளைந்து திரும்பும். கறுப்பாகப் படிந்திருக்கும். ஆரம்பத்தில் யாருக்கும் தெரியாது, ஏனென்றால் தண்ணீர் தேங்குவது சாலைப்பலகைக்கு அடியில், கல் பிளப்பதும் அடியிலிருந்துதான். மேலே கோடு தெரிய 10, 15 வருஷம் ஆகலாம். தெரிந்தபிறகு அங்கே ஒரு கட்டையைத் துளைத்து எடுத்தால், மேல்பாதி உருளையாக வரும். கீழ்ப்பாதி கையோடு சரளையாக வரும். நான் எடுத்த ஒன்றைப் பைக்குள் அள்ளித்தான் போட வேண்டியிருந்தது.

உங்கள் கல்லுக்கு என்ன செய்யலாம்? ஒன்று, சல்பேட் சோதனை. கல்லை சோடியம் அல்லது மக்னீசியம் சல்பேட் கரைசலில் ஊறவைத்து, அடுப்பில் காயவைத்து, ஐந்து சுற்று. துளைக்குள் உப்புப் படிகம் வளர்ந்து பனிக்கட்டி மாதிரி நெம்பும். சலித்துப் பார்த்து உதிர்ந்ததை எடை போடுவது. அமெரிக்கத் தர அமைப்பான ஏஎஸ்டிஎம் தன் சி33 விதியில் ஜல்லிக்கு வைத்த வரம்பு சோடியத்தில் 12, மக்னீசியத்தில் 18 சதவீதம். இது புது யோசனை இல்லை, பனி தாங்காத கல்லை உறையவைக்காமலே கண்டுபிடிக்க பிரார் என்பவர் சொன்ன இந்த வழி 1828இலேயே பிரான்சில் அச்சேறிவிட்டது. ஆனால் நான் இதை முழுசாக நம்ப மாட்டேன். படிகம் வளர்வதும் தண்ணீர் உறைவதும் ஒன்றல்ல. ஒரே மூட்டைக் கல்லுக்கு இரண்டு கூடங்கள் இரண்டு பதில் சொல்லிப் பார்த்திருக்கிறேன்.

எனக்கு இதைவிடப் பெரிய சாட்சி, குவாரியின் அதே படுகையில் (பாறை அடுக்கில்) எடுத்த கல்லைப் போட்டு 20 வருஷம் குளிர் தின்ற பழைய சாலை. அப்படி ஒன்று இருந்தால் அதைக் காட்டி வாதாடுங்கள். இல்லையென்றால் சிறிய அளவாக உடைத்துத் தந்து மறுபடி சோதிக்கச் சொல்லுங்கள். படுகைக்குப் படுகை கல் மாறும் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மொத்தக் குவாரியையும் ஒரே பெயரில் அனுப்பாதீர்கள்.

கேள்வி: 300 சுற்று உறை-உருகு சோதனையில் தேறிய கான்கிரீட் எத்தனை வருஷம் நிற்கும்?
(ஆய்வு மாணவர்)

தெரிந்துகொள்ள நானும் ஆசைப்பட்டேன், தம்பி. வருஷமாக மாற்றும் சூத்திரம் கிடையாது. ஏஎஸ்டிஎம் சி666 முறையில் கட்டையைத் தண்ணீருக்குள்ளேயே வைத்து 4 டிகிரியிலிருந்து மைனஸ் 18க்கு இறக்கி மறுபடி ஏற்றுவோம். ஒரு சுற்றுக்கு 2 முதல் 5 மணி நேரம். ஆறேழு வாரத்தில் 300 முடிந்துவிடும். எந்தக் குளிர்காலமும் இவ்வளவு அவசரப்படாது, எந்தத் தளமும் இப்படி நாள் முழுக்க மூழ்கிக் கிடக்காது. ஒப்பிடத்தான் இது. இந்தக் கலவையா அந்தக் கலவையா என்று கேட்டால் பதில் சொல்லும்.

சேதத்தை எடையில் பார்க்காதே, சத்தத்தில் பார். கட்டையைச் சின்ன எஃகுக் குண்டால் தட்டி அதன் அதிர்வெண்ணை எடுக்கிறோம். அதிர்வெண்ணின் வர்க்கம்தான் விறைப்பு. 2000 ஹெர்ட்ஸில் இருந்த கட்டை 1550க்கு இறங்கினால் விறைப்பு 60 சதவீதமாகிவிட்டது, சோதனையை அங்கேயே நிறுத்தலாம். பழகிய காதுக்குக் கருவிகூட வேண்டாம். முதல் நாள் 'டிங்' என்றது ஒரு நாள் 'டொக்' என்னும். வெளியே ஒரு கீறல் இருக்காது. அந்த 'டொக்' கேட்ட கட்டை அதிக நாள் தாங்கி நான் பார்த்ததில்லை.

கேள்வி: போட்ட அன்று இரவே உறைபனி வந்துவிட்டது. காலையில் தளத்தின்மேல் இறகு இறகாகக் கோலம். காப்பாற்ற முடியுமா?

அந்தக் கோலம் பனிப்படிகத்தின் அச்சு. இறுகுவதற்குள் உறைந்துவிட்டது என்று அர்த்தம். அந்த மேல்பகுதி பெயர்த்தெடுக்க வேண்டியதுதான், எவ்வளவு ஆழம் என்று துளைத்துப் பார்த்து முடிவு செய்யுங்கள். இப்படி உறைந்த கான்கிரீட் பின்னால் எவ்வளவு முற்றவைத்தாலும் பாதிப் பலம் வரை இழந்திருக்கலாம். முதல் உறைவுக்குள் அது 3.5 மெகாபாஸ்கல் பலம் எட்டியிருந்தால் பிழைத்திருக்கும். அதற்குள் கலவையில் அலையும் தண்ணீரில் நிறைய சிமெண்ட்டோடு சேர்ந்துபோய், துளைகளில் கொஞ்சம் காலியிடம் விழுந்திருக்கும்.

அடுத்த தடவை கலக்கும் தண்ணீரைச் சுடவையுங்கள், தளத்தைக் கனத்த போர்வையால் மூடுங்கள், உறைந்த மண்மேல் கொட்டாதீர்கள். கூடாரம் கட்டிக் கணப்பு வைத்தால் புகை வெளியே போகட்டும். உள்ளே தங்கும் கார்பன் டை ஆக்ஸைடு பச்சைக் கான்கிரீட்டின் மேல்பரப்பைச் சுண்ணாம்புத்தூளாக்கிவிடும். கால்சியம் குளோரைடு போட்டால் உறையாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அது சீக்கிரம் இறுகவைக்கும், அவ்வளவுதான், உள்ளே கம்பி இருந்தால் துருவையும் சேர்த்து விதைக்கும்.

கேள்வி: உரியாமல் இருக்க மேலே ஏதாவது பூசிவிட்டால் போதுமா?

சைலேன் வகைப் பூச்சு உதவும். அது துளைச் சுவரில் ஒட்டி நீரை விலக்கும், உள்ளே இருக்கும் ஆவி வெளியே போகவும் விடும். பளபளவென்று தோல் மாதிரி மூடும் பூச்சை ஈரத் தளத்தின்மேல் அடித்தால், இருக்கிற தண்ணீரை நீங்களே உள்ளே வைத்துப் பூட்டின மாதிரி.

பூசுவதற்கு முன்னால் ஒரு வேலை. தளத்தில் நாலு வாளி தண்ணீரைக் கொட்டிவிட்டு அரை மணி நேரம் கழித்து வந்து பாருங்கள். எங்கே இன்னும் தேங்கியிருக்கிறதோ அதைச் சுற்றிச் சாக்பீஸால் கோடு போடுங்கள். பூச்சு வாங்கும் காசில் முதலில் அந்தக் கோட்டுக்குள் நீர் வடியும் வாட்டத்தைச் சரிபார்க்கச் சொல்லுங்கள்.